ஊர்ப் பணமும் ஊரார் கண்ணும்

பொதுப்பணம் யாருடையது என்று கேட்டால், "நம் எல்லோருடையதும்" என்று சிறு பிள்ளையும் சொல்லும். அந்தப் பணம் வீணானால் குற்றம் யாருடையது என்று கேட்டால் மட்டும் பெரியவர்களும் விரலை வெளியே நீட்டுகிறார்கள். கண்ட்ராக்டரைச் சுட்டுகிறார்கள், கவுன்சிலரைச் சுட்டுகிறார்கள், இலாகா அதிகாரியைச் சுட்டுகிறார்கள். பணத்தில் பங்கு கோருகிறவர்கள் பொறுப்பில் பங்கில்லை என்று சொல்வது எப்படி நியாயமாகும்? பார்க்க வேண்டியதைப் பாராதிருந்தவனுக்கும் குற்றத்தில் பங்குண்டா? இக்கேள்வியையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

நகரசபை வேலை ஒன்று எப்படி நடைபெறுகிறது என்பதை முதலில் கவனிப்போம். ஒரு தெருவுக்குக் கால்வாய் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். என்ஜினீயர் மதிப்பீடு தயாரிக்கிறார். டெண்டர் அழைப்பு வெளியாகிறது. கண்ட்ராக்டர்கள் தத்தம் விலையைப் பிறர் அறியாதபடி கொடுக்கிறார்கள். குறித்த நேரம் கழிந்த பின்னரே அவை திறக்கப்பட வேண்டும். விலையும் திறமையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒருவருக்கு வேலை ஒப்படைக்கப்படுகிறது. வேலை வளர வளர அளந்து பார்த்துப் பணம் தருகிறார்கள். வேலை முடிந்த பின்னும் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, குறை தோன்றினால் சரிசெய்யச் சொல்கிறார்கள்.

கேட்பதற்கு இது ஓட்டையற்ற பானைபோலத் தோன்றுகிறது. ஆனால், பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கிவிட்டால் டெண்டர் அழைக்கும் அவசியமே இல்லாமல் போகிறது. குறைந்த விலை சொல்லி வேலையைப் பிடித்துக்கொண்டு, பிறகு "கூடுதல் வேலை" என்று கணக்கை உயர்த்தலாம். அளக்க வேண்டியவர் அளக்காமலே கையெழுத்திடலாம். சிமெண்டுக்குள் மறைந்த கம்பியை யார் கண்டார்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்பது பழமொழி. நக்குவது இயல்புதானே என்று அதைக் கொண்டே சமாதானம் சொல்வாரும் உண்டு. தேன் யாருடையது என்பதை மட்டும் அவர்கள் கேட்பதில்லை.

"நல்லவர்களை அமர்த்தினால் எல்லாம் சரியாகும்" என்பது ஒரு சாராரின் வாதம். நம் நகரின் சரித்திரமே இதற்கு விடை கூறுகிறது. 1801-ம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி வழங்கிய 18 ஏக்கர் நிலத்தில், காதர் முகைதீன் அவர்களால் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் உருவாயிற்று. கொடுத்தவரின் எண்ணம் தூயது, நோக்கமும் உயர்ந்தது. ஆனால் நூறாண்டு கழிந்தபோது வக்பு சொத்துக்களின் நிர்வாகம் பற்றிப் புகார்கள் மலிந்தன. 1905-ல் அரசாங்கம் சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறச் சொத்துக்களை ஒரு போர்டின் பொறுப்பில் வைத்தது. நிறுவியவரின் நன்மனம், கணக்குப் புத்தகத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காக்கவில்லை என்பதே இதனால் விளங்கும் உண்மை.

"அப்படியானால் வாக்குரிமை காக்கும்" என்பர் மற்றொரு சாரார். அந்த உரிமையை மலாயாவிலேயே முதலில் கண்டதும் நம் ஜார்ஜ் டவுன்தான். 1951 டிசம்பர் 1-ம் தேதி நகரசபையின் 15 இடங்களில் 9 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. 1956-ல் சபை முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டதாயிற்று. 1957 ஜனவரி 1-ம் தேதி ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. எஸ்பிளனேட் திடலருகே 1903-ல் எழுந்த மண்டபத்தில் மக்களின் பிரதிநிதிகள் அமர்ந்து வாதிட்டார்கள். எனினும், பத்தாண்டுகள் செல்லுமுன்னே சீர்கேட்டுப் புகார்கள் கிளம்பின. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணங்காட்டி 1965-ல் நாடெங்கும் உள்ளூர்த் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966-ல் மாநகரசபையின் அதிகாரங்கள் மாநில முதலமைச்சரின் கைக்குச் சென்றன.

நிற்க. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் 1965-ல் அமைக்கப்பட்ட அரச விசாரணைக் கமிஷன், உள்ளூராட்சியின் குறைகளையெல்லாம் ஆராய்ந்து 1968-ல் அறிக்கையை முடித்தது. குறைகள் இருப்பினும் தேர்தல் மீண்டும் வேண்டும் என்பதே அதன் முடிவு. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? ஆயினும் 1976-ம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம் தேர்தலுக்கு இடம் வைக்கவில்லை. அன்று முதல் ஒவ்வொரு சபைக்கும் 8 பேர் முதல் 24 பேர் வரை கவுன்சிலர்களை மாநில அரசே நியமிக்கிறது. தேர்தலை மீட்கப் பினாங்கு செய்த முயற்சியை 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் ஏற்கவில்லை. 2015-ல் மாநகராட்சி என்ற தகுதி மீண்டும் வந்தது; வாக்குச்சீட்டு வரவில்லை.

நன்மனம் இருந்தது, போதவில்லை. வாக்கு இருந்தது, அதுவும் தனித்துப் போதவில்லை. இன்று இருப்பது நியமனம். இம்மூன்றிலும் எது இருந்தாலும், கூடவே வேண்டியது ஒன்று உண்டு. அதுதான் ஓயாது கணக்குக் கேட்கும் ஊரார் கண். வாக்கு இழந்தது பெரிய இழப்பே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாக்கில்லாத இடத்தில் பார்க்கும் கடமை கூடுமேயன்றிக் குறையாது.

நம் பாட்டன்மார் இதை அறிந்திருந்தனர். காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பாருங்கள். ஏரியைக் காக்க ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம் என்று ஊரார் அமைத்தனர். உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மறுபடி இடமில்லை. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. எல்லோருக்கும் அங்கே உரிமை இருந்ததென்று நாம் சொல்லவில்லை. நிலமும் கல்வியும் உடையவர்க்கே அந்தக் குடம் திறந்தது. எனினும், கணக்குக் காட்டாமை மன்னிக்கத்தகாத குற்றம் என்பதைக் கல்லிலே வெட்டி வைத்தார்களே, அந்தப் புத்தியை மெச்ச வேண்டாமா? "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற கதை எக்காலத்துக்கும் உரியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இன்றைய சட்டத்திலும் அந்த எண்ணம் இல்லாமலில்லை. தமக்குப் பண லாபம் உள்ள விஷயத்தில் கவுன்சிலர் பேசவோ வாக்களிக்கவோ கூடாது. சபையின் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளருக்கும் திறந்திருக்க வேண்டும். ஆனால் கமிட்டிக் கூட்டங்கள், கமிட்டியே இசைந்தாலன்றித் திறந்தவை அல்ல. உள்ளே சமைத்ததை வெளியே பரிமாறும்போதுதான் நாம் காண்கிறோம். ஆகவேதான் கேள்வி கேட்கும் வழக்கம் அவசியமாகிறது. பினாங்கு சட்டசபை 2011-ல் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015-ல் அது நடைமுறைக்கு வந்தது. கதவுக்குச் சாவி செய்து தந்தாயிற்று. திறப்பவர் யார்?

இது வெறும் வெள்ளிக்காசு விவகாரம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2018 அக்டோபர் 19-ம் தேதி, பாயா தெருபோங் பக்கம் புக்கிட் குக்குஸ் மலைச்சாரலில், மாநகராட்சியின் சாலைத் திட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில் மண் சரிந்தது. ஒன்பது தொழிலாளர்கள் மாண்டார்கள். அனைவரும் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்குச் சில நாட்கள் முன்னர்தான் அதே திட்டத்தில் கான்கிரீட் உத்திரங்கள் சரிந்து விழுந்திருந்தன. மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் ஒன்று சொல்வோம். அந்த ஒன்பது பேருக்கும் இந்நகரில் கேட்க நாவில்லை. கூட்டத்தில் எழுந்து நிற்க உரிமையில்லை. உத்திரம் விழுந்த அன்றைக்கே ஊர் முழுதும் எழுந்து, "மலையைச் சோதித்தீர்களா?" என்று கேட்டிருக்க வேண்டாமா? அவர்களுக்காகக் கேட்கக்கூடியவர்கள் நாமல்லவா?

"கண்ணியமானவரிடம் கணக்குக் கேட்பது அவமதிப்பாகாதா?" என்று தயங்குவோர் உண்டு. ஆகாது. திறந்த கணக்கு நேர்மையாளருக்குக் கேடயம். வதந்தியிலிருந்து அவரைக் காப்பது அது ஒன்றே. கணக்குக் கேட்டால் கோபிப்பவர், அமானிதத்தைத் தம் உடைமையாக எண்ணத் தொடங்கிவிட்டார் என்றே பொருள். அதேசமயம், ஆதாரமின்றிக் காப்பிக்கடையில் பிறரைக் கள்ளரென்று தூற்றுவதும் கணக்குக் கேட்பதாகாது. அது பாராதிருப்பதன் மற்றொரு வகை.

"பிழைப்பை விட்டுவிட்டு யார் கூட்டத்துக்குப் போவது?" என்பது அடுத்த தடை. எல்லோரும் போக வேண்டியதில்லை. ஊரில் ஒரு ஜனாஸா என்றால், சிலர் முன்வந்து கடமையைச் செய்தால் எல்லோருடைய பாரமும் நீங்குகிறது; ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகிறது. இதை பர்ளு கிபாயா என்று நாம் அறிவோம். நகரசபையைக் கவனிப்பதும் அத்தகைய கடமையே என்பது நம் எண்ணம். பாராதிருந்தவனுக்குக் குற்றத்தில் பங்குண்டா என்ற கேள்விக்கும் விடை இதுவே. ஊரில் சிலரேனும் பார்த்துக்கொண்டிருந்தால், பாராதவனுக்கும் மன்னிப்புண்டு. ஒருவரும் பார்க்கவில்லையெனில், எவருக்கும் இல்லை.

ஆகவே சகோதரர்களே, ஒவ்வொரு சங்கமும் இரண்டு மூன்று பேரை இதற்கென ஒதுக்கட்டும். சபை கூடும் நாளை அறிந்து சென்று அமரட்டும். தங்கள் வட்டாரத்தில் நடக்கும் வேலையின் விலை என்ன, முடிய வேண்டிய தேதி எது, கூடுதல் வேலைக்கு அனுமதி தந்தவர் யார் என்று கடிதம் எழுதிக் கேட்கட்டும். வந்த விடையை அங்கத்தினர் அனைவரும் காணப் பலகையில் ஒட்டட்டும். சீனச் சகோதரரும் மலாய்ச் சகோதரரும் கேட்பாராயின் அவருடன் சேர்ந்து கேட்கட்டும். வெள்ளம் இனம் பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை. அதற்கு முன்பாக, நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் அச்சிட்டு அங்கத்தினர் கையில் கொடுப்போமாக. பிறரிடம் கேட்கும் தகுதி அங்கிருந்துதான் பிறக்கும்.