நட்டால் மட்டும் போதுமா?

 



சின்னாளப்பட்டி என்றதும் சுங்குடிச் சேலையும் தறிச் சத்தமும்தான் பலருக்கும் நினைவு வரும். சிறுமலை கண்ணெதிரே நின்றாலும் எங்கள் தரை காய்ந்த தரைதான். வடகிழக்குப் பருவமழை கை கொடுத்தால் பச்சை; கை விட்டால் புழுதி. இந்த மண்ணில், கபரஸ்தான் சுவரை ஒட்டிச் சும்மா கிடந்த இடத்தில், மஹல்லா வாலிபர்கள் சிலர் கூடி வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை என்று நம் நாட்டுக் கன்றுகளாகத் தேடிக் கொண்டுவந்து நட்டார்கள். நட்ட அன்று துஆ ஓத என்னை அழைத்தார்கள். நானும் ஓதினேன். படம் எடுத்தார்கள். தேநீர் குடித்தோம். கலைந்தோம்.

பிறகு கோடை வந்தது. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர் கீழே இறங்கியது. வேலி சரிந்த பக்கமாக ஆடுகள் புகுந்தன. தண்ணீர் ஊற்ற வந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். பாதிக்கு மேல் பட்டுப்போயின. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தம்பி என் அருகே வந்து உட்கார்ந்து, "ஹஜ்ரத், நட்டது எல்லாம் போய்விட்டது. ஊரில் சிரிக்கிறார்கள். இனி இதில் என்ன நன்மை இருக்கிறது? விட்டுவிடலாமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால், துஆ ஓதிய நாளுக்குப் பிறகு நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே இன்று எழுதுவது அந்தத் தம்பிக்கு மட்டும் சொல்லும் பதில் அல்ல. முதலில் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் புத்திமதி.

அன்பர்களே! மரம் நடுவதன் சிறப்பைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை ஹஜ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள ஹதீஸ் இது. முஸ்லிமின் இன்னோர் அறிவிப்பில், அதிலிருந்து திருடப்பட்டதும் தர்மமே என்றுகூட வருகிறது. அப்படியென்றால் ஆடு கடித்த தழையும் வீண் அல்ல! அந்தத் தம்பியின் கேள்விக்கு முதற் பதில் இதுவே: அல்லாஹ்வுக்காகச் செய்தது எதுவும் அவனிடத்தில் பட்டுப்போவதில்லை.

ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் அது சோம்பேறித்தனத்துக்குச் சாக்காகிவிடும். நன்மை கிடைத்துவிட்டது, கன்று எப்படிப் போனால் என்ன என்று இருந்துவிடலாமா? கூடாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா என்று கேட்ட ஒருவருக்கு, கட்டிவிட்டு நம்பும்படி அல்லவா அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள்! வேலியும் தவக்குலில் ஒரு பகுதிதான்.

இங்கே ஹஜ்ரத் ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பாரசீகத்திலிருந்து சத்தியத்தைத் தேடிப் புறப்பட்ட அப்பெருமகனார், வழியில் ஏமாற்றப்பட்டு அடிமையாக விற்கப்பட்டு மதீனாவில் ஒரு யூதரின் கீழ் இருந்தார்கள். விடுதலைக்கு எஜமானர் விதித்த விலை என்ன? நாற்பது ஊக்கியா தங்கம். அத்துடன் முந்நூறு பேரீச்சங் கன்றுகள். நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கி, உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று சொன்னார்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார், ஒருவர் இருபது, இன்னொருவர் பதினைந்து, வேறொருவர் பத்து. அவரவர் சக்திக்கு ஏற்றபடி வந்து குவிந்தன. ஸல்மான் (ரலி) அவர்கள் தோழர்களின் துணையோடு குழிகளைத் தோண்டினார்கள். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் முபாரக்கான கரத்தால் நட்டார்கள்.

ஹஜ்ரத் புரைதா (ரலி) அவர்களின் அறிவிப்பு இமாம் திர்மிதி (ரஹ்) அவர்களின் ஷமாயிலில் இருக்கிறது. அதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று: நட்டுக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்பதல்ல ஒப்பந்தம், மரங்கள் காய்க்கும்வரை ஸல்மான் அவற்றில் வேலை செய்ய வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருந்தது. இரண்டு: அந்த ஆண்டே எல்லா மரங்களும் காய்த்தன, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நட்டவர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள். இதற்கு என்ன ஆயிற்று என்று நபியவர்கள் விசாரித்தார்கள். நான் நட்டது என்று உமர் (ரலி) அவர்கள் ஒளிக்காமல் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைப் பிடுங்கித் தம் கையாலேயே மறுபடி நட்டார்கள். அதுவும் அந்த ஆண்டே காய்த்தது.

சகோதரர்களே! இது நபியவர்களின் முஃஜிஸா, அற்புதம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அற்புதத்துக்குள் நமக்கு ஒரு சுன்னத்தும் இருக்கிறது. பெருமானார் (ஸல்) அவர்கள் முந்நூறில் ஒன்றுதானே என்று விட்டுவிடவில்லை, பார்த்தார்கள். கேட்டார்கள். கேட்டது குற்றம் சாட்டுவதற்காக அல்ல. உமரின் மானத்தை வாங்கவில்லை. பதில் கிடைத்ததும் செய்தது ஒன்றே ஒன்றுதான்: மறுநடவு. பார்ப்பது, கேட்பது, மறுபடி நடுவது. தோல்வியைக் கையாளும் முறை இதைவிடச் சுருக்கமாக எங்கே கிடைக்கும்?

இதற்கு நேர் எதிரான காட்சியும் திருமறையில் இருக்கிறது. அல்கலம் அத்தியாயத்தில் தோட்டக்காரர்களின் கதையை அல்லாஹ் கூறுகிறான். ஏழைகள் யாரும் வந்துவிடாமல் அதிகாலையிலேயே பறித்துவிடுவோம் என்று சத்தியம் செய்தார்கள். இன்ஷா அல்லாஹ் என்றும் சொல்லவில்லை. தூங்கி எழுவதற்குள் தோட்டம் கருகிக் கிடந்தது. அதைக் கண்டதும் ஒருவரை ஒருவர் பழிக்கத் தொடங்கினார்கள். பிறகுதான் தம் தவறை ஒப்புக்கொண்டு, நம் இறைவன் இதைவிடச் சிறந்ததைத் தரக்கூடும் என்று அவன் பக்கம் திரும்பினார்கள். பழிச்சொல்லில் நிற்காமல் பணிவுக்கு வந்ததால் அவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது.

ஒரு எச்சரிக்கை. இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, யாருக்கு நஷ்டம் வந்தாலும் அது அவர் செய்த பாவம் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. உயிரிலும் பொருளிலும் விளைச்சலிலும் இழப்பைக் கொடுத்து நம்மைச் சோதிப்பதாக அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் முன்கூட்டியே அறிவித்திருக்கிறான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் படுத்தன. அவர்கள் எல்லாம் ஏழைக்குக் கொடுக்காதவர்களா? அஸ்தக்பிருல்லாஹ்! அடுத்தவர் தோட்டம் அழிந்தால் அது நமக்கு உதவி செய்யும் கடமை. நம் தோட்டம் அழிந்தால் அது நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் நேரம். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

நம் காலத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் என்னும் ஊர் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்டது. அப்போது அது மண் அரித்துப்போன செம்மண் மேடு. பல நாடுகளிலிருந்து வந்தவர்களும் சுற்றுக் கிராமத்து மக்களும் அங்கே பல ஆண்டுகள் மரம் வளர்த்தார்கள். வெயிலைத் தாங்கிச் சீக்கிரம் வளரும் ஆஸ்திரேலிய அக்கேஷியா மரங்களை முதலில் நிறைய வைத்தார்கள். அவற்றின் நிழலில் சோழமண்டலக் கரைக்கே உரிய நாட்டு மரங்களையும் நட்டு வந்தார்கள். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பல ஆண்டு உழைப்பு ஒரு காலைப் பொழுதில் சாய்ந்தது. விழுந்த மரங்களை அறுத்து வழி திறக்கவே பல நாட்கள் ஆயின.

ஆனால் அங்கே ஒரு பாடமும் கிடைத்தது. பெருமளவில் சாய்ந்தவை அவசரமாக வளர்ந்த அந்நிய மரங்கள். நிதானமாக வேர் பிடித்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன. அவர்கள் காட்டைக் கைவிடவில்லை. விழுந்ததை அகற்றி, நின்றதைப் பேணி, நாட்டு மரங்களைக் கொண்டே தொடர்ந்தார்கள். அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர் என்பது உண்மை. ஆயினும் நல்ல வழக்கத்தை யாரிடம் கண்டாலும் எடுத்துக்கொள்வதில் மூமினுக்கு வெட்கம் என்ன?

வெகுதூரம் போவானேன்? நம் ஊர்த் தறியையே பாருங்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளி எழுந்து போய்விடுகிறாரா? அறுந்த இடத்தைத் தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி உட்காருகிறார். அறுந்ததற்காகப் பாவு முழுவதையும் வீசியவர் எவரும் இல்லை.

ஆகவே, அந்தத் தம்பிக்கும் அவர் தோழர்களுக்கும் சில வார்த்தைகள். முதலில் உயிரோடு இருப்பவை எத்தனை, பட்டவை எத்தனை என்று ஒளிக்காமல் எண்ணுங்கள். இருப்பவற்றைக் காப்பாற்றுவது புதிதாக நடுவதைவிட முந்திய கடமை. சுற்றிலும் முள் வேலியைச் சரி செய்யுங்கள். வேரடியில் காய்ந்த சருகைப் பரப்பி மூடாக்கு இடுங்கள். ஈரம் சீக்கிரம் ஓடாது. பட்டுப்போன குழிகளில் மறுநடவைக் கோடையில் செய்யாமல் மழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியில் செய்யுங்கள். பட்டப்பகலில் எல்லோரும் ஒரு நாள் வருவதைவிட, இன்ன கிழமை இன்ன வீடு என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா?

தண்ணீருக்கு எங்கே போவது என்கிறீர்கள். பள்ளிவாசலில் ஐந்து வேளையும் வுளூச் செய்த நீர் சாக்கடைக்குத்தான் போகிறது. அந்த நீரைச் செடிக்கு விடலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். அது கொண்டு மறுபடி வுளூச் செய்ய ஆகாதே தவிர, ஹனபி, ஷாபிஈ இரு மத்ஹபிலும் அந்த நீர் சுத்தமானதே. தாராளமாகச் செடிக்குப் பாய்ச்சலாம். முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் சம்மதித்து ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் போதும். வக்ப் இடத்தில் எதைச் செய்தாலும் அவர்களின் அனுமதியோடு செய்யுங்கள். தாய்மார்களே, அரிசி கழுவிய நீர் ஒரு குடம் உங்கள் பங்காக இருக்கட்டும். உங்கள் பிள்ளை தூக்கிக்கொண்டு போகட்டும்.

ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாலிபர்கள் தோற்ற இடத்தில் சிரிப்பது எளிது. உமர் (ரலி) அவர்கள் நட்டதே ஒரு முறை காய்க்கவில்லை என்றால், நம் பிள்ளைகள் நட்டது பட்டதில் என்ன இழிவு? சிரித்த வாயால் ஒரு வார்த்தை ஊக்கம் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆலிம்களும் துஆவோடு நின்றுவிடாமல் ஒரு வாளியும் தூக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், திங்கட்கிழமை என் முறை என்று அந்தத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்துவிட்டாலும் முடிந்தால் அதை நட்டுவிடும்படி நம் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். கியாமத்து நாளே நம் கையைத் தடுக்கக் கூடாது என்றால், ஒரு கோடையும் நாலு ஆடும் தடுக்கலாமா?

யா அல்லாஹ்! எங்கள் குறைகளை மன்னித்து, தொடங்கியதை முடிக்கும் உறுதியை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் மண்ணில் பயனுள்ள மழையைப் பொழிவாயாக! எங்கள் வாலிபர்களின் உழைப்பைக் கபூல் செய்வாயாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.