கரணமும் பொய்யும்: கள்ளூர் அவையம் எழுப்பும் அறவினா

முன்னுரை

காதலர் சொல்லில் பொய்மையும் ஒழுக்கத்தில் தவறும் புகுந்த பின்னரே மணச்சடங்காகிய கரணம் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியக் கற்பியல் தரும் செய்தி. எனவே கரணம் என்பது ஏமாற்றப்படுவோரைக் காக்க எழுந்த அரண். அவ்வரணே ஏமாற்றியவனுக்குப் புகலிடமாகுமாயின் அறம் எங்கே நிற்கும்? இவ்வினாவை அகநானூற்றுச் சான்று ஒன்றையும் இருமணக் குற்றம் பற்றிய சட்டங்களையும் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

கள்ளூர் அவையம்

கடுவன் மள்ளனார் பாடிய அகநானூறு 256ஆம் பாடலில், வையைப் புதுப்புனலில் வேறொருத்தியோடு ஆடி, அதனை மறைக்கும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுக்கிறாள். ஊரில் எழுந்த அலருக்குக் கள்ளூர் நிகழ்ச்சியை ஒப்புக் காட்டுகிறாள். இளம்பெண் ஒருத்தியின் நலனைக் கவர்ந்த ஒருவன், பின்னர் அவளை அறியேன் எனச் சூளுரைத்தான். அவையத்தார் அறிந்த சான்றோரை வினவி உண்மை தெளிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைப் பெய்தனர்.

இங்கு நோக்கத்தக்கது அவையத்தின் வினா. சடங்கு முறைப்படி நடந்ததா என்று அவையம் கேட்டதாகப் பாடல் கூறவில்லை; அவன் உரைத்த சூள் மெய்யா பொய்யா என்பதே ஆராயப்பட்டது. குறுந்தொகை 25ஆம் பாடலின் தலைவிக்கோ, தலைவனையன்றி அன்று அங்கிருந்தது மீன் பார்த்து நின்ற குருகு மட்டுமே. சாட்சியற்றவளின் அச்சத்தை அப்பாடல் காட்ட, சாட்சியைத் தேடும் ஊரின் பொறுப்பை இப்பாடல் காட்டுகிறது.

எனினும் கள்ளூரை இலட்சியமாக்குதல் பொருந்தாது. அப்பெண்ணின் குரல் பாடலில் ஒலிக்கவில்லை. தண்டனைக்குப் பின் அவள் வாழ்வு என்னாயிற்று என்பதும் தெரியவில்லை.

சட்டத்தின் கரணம்

இங்கிலாந்தில் 1604ஆம் ஆண்டுச் சட்டம் இருமணத்தைப் பெருங்குற்றமாக்கியது. கள்ளத் திருமணங்களைத் தடுக்க எழுந்த 1753ஆம் ஆண்டுச் சட்டமோ, தேவாலய அறிவிப்போ உரிமமோ இன்றி நடக்கும் மணங்களைச் செல்லாதவையாக்கியது. ஏமாற்றைத் தடுக்க வந்த விதியால், மறைவாக மணந்து கைவிடப்பட்டவள் மனைவி என்னும் நிலையையே இழந்தாள்.

இந்தியாவிலும் இம்முரண் தோன்றியது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் ஒருதார மணத்தை விதித்தது. 1965இல் உச்சநீதிமன்றம், காந்தருவ முறையில் நடந்ததாகக் கூறப்பட்ட ஓர் இரண்டாம் மணத்தில் தீ முன் வழிபாடும் ஏழடி நடத்தலும் இல்லை எனக் கண்டு, இருமணக் குற்றம் நிகழவில்லை எனத் தீர்ப்பளித்தது. குற்றவியல் விதியைக் கண்டிப்பாகப் பொருள்கொள்ள வேண்டும் என்னும் நெறி மறுக்கத்தக்கதன்று. ஆயினும் சடங்கைக் குறைத்துச் செய்தவன் அதனாலேயே தப்பும் வழி திறந்தது.

உற்றார் முன்னிலையில் மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல், தாலி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்றே போதும் எனத் தமிழ்நாடு 1967இல் 7-ஏ பிரிவைச் சேர்த்தது. அதன்வழி 2001இல் உச்சநீதிமன்றம், ஏழடி நடவாத இரண்டாம் மணமும் மணமே, எனவே குற்றமே என்றது. சுயமரியாதைத் திருமணத்தை ஏற்க இயற்றப்பட்ட பிரிவு முதல் மனைவிக்கும் துணையாயிற்று.

பட்டியல் பழங்குடியினர்க்கு மைய அரசின் அறிவிக்கை இன்றி 1955ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துரா மலைப்பகுதியில் வாழும் காணிக்காரரும் அப்பட்டியலில் உள்ளோரே. 2001இன் மற்றொரு தீர்ப்பின்படி, இருமணக் குற்றம் சாட்டும் பழங்குடிப் பெண், இரண்டாம் மணத்தைச் செல்லாததாக்கும் வழக்காற்றைத் தானே நிறுவ வேண்டும். எழுதப்படாத வழக்காற்றை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் சுமை ஏமாற்றப்பட்டவள்மேல் விழுகிறது.

முடிவுரை

கரணம் வேண்டா என்பதன்று இக்கட்டுரையின் கருத்து. 2006இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்திய திருமணப் பதிவு, சாட்சியற்றவளுக்குச் சாட்சியாகும் கரணமே. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆம் பிரிவு முதல் மணம் செல்லுமா என்பதைச் சார்ந்து நிற்கிறது; 81ஆம் பிரிவோ, மணம் நடந்ததாக நம்பவைத்து உடன்வாழ்ந்தவனின் வஞ்சனையையே குற்றமாகக் கொள்கிறது. பின்னதே கள்ளூர் அவையத்தின் நோக்கிற்கு நெருங்கியது. குற்றம் கரணத்தின் குறையில் இல்லை, சூளின் பொய்மையில் உள்ளது. பொய்யைத் தடுக்கப் பிறந்த கரணத்தைப் பொய்யன் தனக்குச் சான்றாகக் காட்டவிடுவது, அதனை வகுத்தோர் கருத்துக்கே மாறானது.