பயனுள்ள கல்வி எது?

“பையன் சர்வகலாசாலையில் பிரெஞ்சு படிக்கிறானாம். படித்துச் சிராங்கூன் ரோட்டில் யாரோடு பேசப் போகிறான்?” என்று நம் வியாபாரிகள் கேட்பதுண்டு. இதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த பணம் எதற்குச் செலவாகிறது என்று கேட்கத் தகப்பனாருக்கு உரிமை உண்டு. பயன் தராத கல்வியிலிருந்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இறைவனிடம் பாதுகாவல் தேடியுள்ளார்கள். ஆகவே கேள்வி நியாயமானதே. ஆனால் பயன் என்பது யாது? அதை எந்தத் தராசில் நிறுப்பது?

முதலில் பணத் தராசிலேயே நிறுத்துப் பார்ப்போம். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர். அங்கிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் நம்மவர் பலர் சைகோன் சென்று வாணிபம் செய்தனர். அந்நகரின் நடுவே 1935-ல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியதே. அந்நாளில் அங்கே சட்டமும் கச்சேரியும் பிரெஞ்சில் நடந்தன. பத்திரத்தைத் தானே படித்தவனுக்கும், பிறன் படித்துச் சொன்னதை நம்பிக் கையொப்பமிட்டவனுக்கும் உள்ள வித்தியாசத்தை வியாபாரிகளுக்கு விளக்கவும் வேண்டுமோ? முந்திரிக்கொட்டை மிகுதியாக விளையும் ஐவரி கோஸ்டில் இன்றும் அரசாங்க மொழி பிரெஞ்சுதான்.

“வாணிபத்துக்குச் சந்தைப் பேச்சு போதுமே, நம் பாட்டனார்கள் பஸார் மலாயிலேயே கடை நடத்தவில்லையா? உயர்ந்த இலக்கணமும் இலக்கியமும் எதற்கு?” என்பது அடுத்த கேள்வி. ஹலரத் ஸைது இப்னு தாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பெருமானார் (ஸல்) பணித்தார்கள். அவர் அரை மாதத்துக்குள் கற்றுக் கடிதங்களைப் படித்தும் எழுதியும் கொடுத்தார். பிறர் வாயை நம்பியிராமல், நம்மில் ஒருவர் அம்மொழியைச் செவ்வையாக அறிந்திருக்க வேண்டும் என்பதன்றோ இதில் உள்ள பாடம்?

உயர்கல்வியில் மற்றொரு பயனும் உண்டு. பிரெஞ்சு மொழியில் ஒன்றை உண்மையென உறுதி கூறும்போது வினைச்சொல்லுக்கு ஒரு வடிவம். ஐயமாகவோ, அச்சமாகவோ, விருப்பமாகவோ சொல்லும்போது பெரும்பாலும் வேறொரு வடிவம். அவர்களுடைய கட்டுரை மரபிலோ, எதிர்வாதத்தைக் குறைக்காமல் எடுத்துரைத்த பின்னரே மாணவன் தன் முடிவுக்கு வரவேண்டும். கண்டதையும் கருதியதையும் பிரித்துப் பேசுவதும், எதிரியின் சொல்லையும் சரியாக நிறுப்பதும் நீதியின் பயிற்சியே. அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வற்புறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களுக்கு இது அந்நியமானதன்று.

ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ், பாரிஸ் சொர்போனில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1959-ல் அவருடைய திருக்குர்ஆன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அரைகுறை மொழியறிவுடன் தொடக்கூடிய காரியமா அது? அவர் மாணவராயிருந்த நாளில், “இதனால் மாதம் எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்டிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்?

ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் பிரெஞ்சு படிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. குடும்பம் கடனில் தவிக்க, தாங்க வேண்டிய மூத்த மகன் தன் விருப்பமே பெரிதென்று புறப்படுவது முறையன்று. அவனுக்கு முதற்கடமை வீட்டில் இருக்கிறது. பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டவும், தமிழ் பேசும் உற்றாரை இளப்பமாகப் பார்க்கவும் படிப்பவனுக்கும் அக்கல்வி பயன் தராத கல்வியே. நிய்யத்து கெட்டால் வைத்தியப் படிப்பும் அப்படித்தான்.

ஆகவே, வசதி படைத்த தகப்பன்மார்களே! “இது என்ன சம்பாதிக்கும்?” என்பதோடு நிறுத்திவிடாமல், “இதைக் கொண்டு நீ யாருக்கு உதவுவாய்?” என்றும் பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை தயங்காமல் விடை சொன்னால், செலவழிக்கும் வெள்ளி வீணாகாது. மொழிகளின் வேற்றுமையையும் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக எண்ணச் சொன்ன வல்ல அல்லாஹ், நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வானாக. ஆமீன்.