ஒருசந்தியும் ஒரு வாக்கும்

தபசு காலம் சபையின் காலமா, தனிமனிதனின் காலமா? நாற்பது நாட்களும் சபை ஒன்றாகவே நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறது, ஒன்றாகவே ஒருசந்தி பிடிக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் ஒன்றாகவே இறைச்சியை ஒதுக்குகிறது. ஆனால் இந்தக் காலத்துக்கு மூலமான சம்பவம் நடந்தது வனாந்தரத்தில். அங்கே சபை இல்லை, ஊர் இல்லை. உலகத்து ராஜ்யங்கள் அனைத்தும் காட்டப்பட்டு, ஒரே ஒரு வணக்கம் விலையாகக் கேட்கப்பட்டபோது, ஒருவர் தனியாக நின்று மறுத்தார். தனியாகச் செய்யப்பட்ட அந்த மறுப்பை நாம் கூட்டமாக நினைவுகூர்கிறோம். கூட்டமே பொய்யின் பக்கம் சாயும்போது, கூட்டத்தோடு பழகிய விரதம் ஒருவனுக்கு எதற்கு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி.

1938-ஆம் வருஷத்து ஆஸ்திரியாவில் வைத்து இதைப் பார்க்கலாம். அந்த வருஷம் விபூதிப் புதன் மார்ச் 2-ல் வந்தது. அடுத்த ஞாயிறு, வழக்கப்படி, வனாந்தரச் சோதனையின் சுவிசேஷம் வாசிக்கப்பட்டது. அந்த வாரம் முடிவதற்குள், மார்ச் 12-ல், ஜெர்மன் படைகள் எல்லையைக் கடந்து உள்ளே வந்தன. மார்ச் 18 தேதியிட்ட அறிக்கையில் மேற்றிராணியார்கள் புதிய ஆட்சியின் சாதனைகளைப் பாராட்டி, ஜெர்மானிய ராஜ்யத்துக்கு ஆதரவாக வாக்களிப்பது கடமை என்றார்கள். அதோடு அனுப்பிய கடிதத்தில் வியன்னாவின் கர்தினால் இன்னிட்ஸர் தன் கைப்பட 'ஹைல் ஹிட்லர்' என்று சேர்த்தார். வங்கியில் நாள் முழுதும் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தட்டச்சு செய்த பக்கங்களைவிடக் கையால் சேர்த்த இரண்டு சொற்களே ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. சபையின் பள்ளிகளையும் சங்கங்களையும் காப்பாற்றிவிடலாம் என்பது கணக்கு. அக்டோபரிலேயே ஹிட்லரின் இளைஞர் படை அந்தக் கர்தினாலின் மாளிகைக்குள் புகுந்து சூறையாடியது.

வாக்கெடுப்பு ஏப்ரல் 10-ல். அன்று குருத்து ஞாயிறு. கூட்டம் பரபாஸைக் கேட்டு வாங்கிக்கொண்ட கதை கோயில்களில் வாசிக்கப்பட்ட அதே நாளில் மக்கள் வாக்களித்தார்கள். யூதர்களுக்கு வாக்கு இல்லை. ரகசியம் என்பதும் பெயரளவில்தான். ஆதரவு 99.73 சதவீதம் என்று அறிவித்தார்கள். சடங்கில் ஒரு குறையும் இல்லை. குறை வேறெங்கோ இருந்தது.

ஹிட்லர் பிறந்த பிரௌனௌ ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டத்தில் சாங்க்ட் ராடெகுண்ட் என்றொரு கிராமம். அங்கே எதிர்த்து வாக்களித்தவர் ஒரே ஒருவர்: ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர், 1907-ல் பிறந்த விவசாயி, பின்னாளில் அந்த ஊரின் கோயில்பிள்ளை. 1943 மார்ச் தொடக்கத்தில், ராணுவ அழைப்பு மறுபடி வந்தபோது, போய் நின்று, ஹிட்லருக்காக ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றார். அந்த வருஷத்துத் தபசு காலம் அவருக்கு லின்ஸ் சிறையில் கழிந்தது. ஜூலை 6-ல் மரண தண்டனை. ஆகஸ்ட் 9-ல் பிராண்டன்பர்கில் சிரச்சேதம்.

அவரை நெருக்கியது ஆட்சி மட்டுமல்ல. முன்கூட்டியே அவர் தன் மேற்றிராணியாரைப் போய்ப் பார்த்திருந்தார். யுத்தத்தின் நியாயத்தைத் தீர்மானிப்பது உன் பொறுப்பல்ல, குடும்பம்தான் உன் பொறுப்பு என்பதே அங்கே கிடைத்த பதிலின் சாரம். உண்மையைக் காக்க வேண்டிய ஸ்தாபனமே உண்மையை விட்டுக்கொடுக்கச் சொன்னால், அதை மீறுகிறவன் விசுவாசியா, அகங்காரியா?

இரண்டையும் பிரித்தறிய முடியும் என்றே நினைக்கிறேன். அகங்காரி ஆலோசனை கேட்கப் போவதில்லை, இவர் போனார். பிடிவாதக்காரன் எல்லாவற்றையும் மறுப்பான். இவர் மருத்துவப் பணியாளனாக வேலை செய்யத் தயார் என்று சொல்லிப் பார்த்தார். அது ஏற்கப்படவில்லை. எது முடியாது என்பதற்கு மட்டும் கோடு கிழித்து, மற்றதற்கெல்லாம் இணங்கத் தயாராக இருந்தவரிடம் அகங்காரத்தைத் தேடுவது வீண்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வீட்டில் மனைவி ஃபிரான்ஸிஸ்கா, மூன்று சிறு பெண்கள். தன் உயிரைக் கொடுக்க ஒருவனுக்கு உரிமை இருக்கலாம். அவர்கள் வாழ்வைப் பணயம் வைக்க உரிமை உண்டா? மனைவி முதலில் தடுக்கப் பார்த்தார், பிறகு தடுக்கவில்லை. கணவர் போனபின் ஊராரின் ஏச்சையும் சுமந்தார். விதவைக்கான உதவித்தொகை 1950 வரை மறுக்கப்பட்டது. தன் பெயரைச் சொல்லிக் கணவருக்கு நீட்டப்பட்ட சாக்கை அவர் அங்கீகரிக்கவில்லை என்பது வரைக்கும் சொல்லலாம். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. இதற்குச் சமாதானம் எழுதுவது எனக்குச் சாத்தியமில்லை. எழுதுகிறவரை நம்பவும் மாட்டேன்.

யேகர்ஸ்டேட்டர் இறந்த பதினைந்தாம் நாள், 1943 ஆகஸ்ட் 24-ல், இங்கிலாந்தில் சிமோன் வெய்ல் இறந்தார். கிறிஸ்துவை நேசித்தும் சபைக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றவர். சபையும் ஒரு சமூகம், சமூகம் என்பது பிளேட்டோ சொன்ன பெரும் மிருகம் என்ற பயம் அவருக்கு. 'நாம்' என்ற சொல்லின் கதகதப்பில் தான் எளிதில் கரைந்துவிடுவோம் என்று அவர் தன்னையே சந்தேகித்தார். இவரோ சபைக்குள்ளேயே இருந்து, பூசைக்கு மணி அடித்துக்கொண்டே, அந்தக் கதகதப்பை விட்டு வெளியேறினார்.

முதல் கேள்விக்கு இங்கிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. பசி எடுப்பது கட்டளை ஆகாது என்பதை உடம்பு கற்றுக்கொள்வதுதான் ஒருசந்தி. ஊரோடு ஒத்துப்போகும் ஆசையும் ஒரு பசிதான். வயிற்றுப் பசியைவிட மூர்க்கமானது. 1938-ல் வயிறு விரதம் காத்தது. மற்றப் பசிக்கு விருந்து நடந்தது. கூட்டாக அனுஷ்டிக்கும் விரதத்தில் எப்போதும் உள்ள ஆபத்து இதுவே: ஒரு பசியை ஒடுக்கும்போதே மற்றதைத் தீனி போட்டு வளர்க்கிறோம். முதல் பசியில் கற்றதை இரண்டாவதன்மேல் பிரயோகித்தவர் அந்த விவசாயி. அதனால் விரதம் வீண் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதே கோயிலில்தான் கற்றார்.

1946-ல் மறைமாவட்டப் பத்திரிகையில் அவரைப் பற்றிய கட்டுரை வெளிவர மேற்றிராணியார் அனுமதிக்கவில்லை. 1997-ல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26-ல் லின்ஸ் பேராலயத்தில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் தரப்பட்டது. இப்போது அவருக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் பெரும்பான்மையின் பக்கம் நிற்கிறார். அதில் தவறில்லை. ஆனால் அதைத் தபசு என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.