காவல் என்னும் பெயர்

ஒரு மென்பொருளுக்குப் பெயரிடுவது வியாபாரிகளின் வேலை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அது மனிதரின் இரகசியங்களைக் காக்க வந்ததாயின், அதன் பெயரே ஒரு வாக்குறுதி. நம் வழக்கில் சொன்னால் அமானிதம். அத்தகைய பெயர் எப்படி இருக்கவேண்டும்?

2004இல் வெளிவந்த ட்ரூகிரிப்ட் என்ற மறைகுறியாக்க மென்பொருள் தன் பெயரிலேயே ‘உண்மை’யைச் சூடிக்கொண்டது. 2014 மே மாதத்தில், இனி அதைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதல்ல என்று ஆக்கியோரே அறிவித்து ஒதுங்கினர். 1991இல் பில் சிம்மர்மேன் தன் ஆக்கத்துக்கு வைத்த பெயரோ பிஜிபி. ‘ஓரளவு நல்ல அந்தரங்கம்’ என்பது பொருள். வானொலி நிகழ்ச்சியொன்றில் வந்த கற்பனைப் பலசரக்குக் கடையின் பெயரைப் பார்த்து வைத்தது அது. கம்பனிகள் கைமாறின. ஓப்பன்பிஜிபி என்ற பொதுத் தரத்தில் அப்பெயர் இன்றும் வாழ்கிறது.

‘புண்ணியவதி’ எனப் பொருள்படும் பர்ரா என்ற பெயரை, தற்புகழ்ச்சி தொனிப்பதால், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஸைனப் என்று மாற்றினார்கள். அவர்களுக்கோ ‘அல் அமீன்’ என்ற பெயரை மக்காவாசிகளே தந்தார்கள். ஹிஜ்ரத்தின்போதும் எதிரிகளின் அடைக்கலப் பொருட்கள் அவர்களிடம் இருந்தன. அவற்றைத் திருப்பிக் கொடுக்கவே அலீ (ரழி) பின்தங்கினார்கள். நம்பிக்கைக்குரியவர் என்பது தானே சூட்டிக்கொள்ளும் பெயரல்ல, பிறர் தரவேண்டியது.

நம் கடலோரத்திலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது. ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளைக் காக்கவேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்குக் கப்பலானால் பாதிக்குப் பாதி. காவலைப் பற்றிப் பெருமை பேசாமல் அதன் அளவைச் சொன்ன கல் அது.

அந்தத் துறையைத்தான் இன்று ஊர்காவற்றுறை என்கிறோம். காவல் பெயரில் ஏறிவிட்டது. எதிரே கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை சிறையாகவும் இருந்து, பின்னர் கடற்படையின் விடுதியாயிற்று. 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எந்தப் பெயரும் அவர்களைக் காக்கவில்லை.

அடக்கமான பெயரை யார் நம்புவார் என்று கேட்கலாம். பெயரை நம்பிப் பூட்டைச் சோதிக்காமல் விடுகிறவனே முதலில் ஏமாறுகிறான். ஆகவே, காக்கும் கருவியை ஆக்குவோர் அது செய்யும் வேலையைச் சொல்லும் பெயரை வைக்கட்டும். எதுவரை காக்கும் என்பதைக் கல்லில் போல் எழுதிவைக்கட்டும். ‘அமீன்’ என்பதைப் பயன்பெற்றோர் சொல்லட்டும்.