நின்றபடி உண்பவரின் கடன்

லாஸ் ஏஞ்சலிஸில் 2008ஆம் ஆண்டு கோகி என்ற வண்டி, கொரியப் பாணி இறைச்சியை மெக்சிகோவின் டாக்கோவுக்குள் வைத்து விற்கத் தொடங்கியது. அதன் பிறகு அமெரிக்க நகரங்களில் ஃபுட் டிரக்குகளின் போக்கே மாறிப்போனது. ஜப்பானியச் சுவையில் பர்கர் விற்கும் வண்டிகளும் அந்த அலையில் பெருகியவைதாம். சன்னல் வழியே கைக்கு வருவது ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் மெத்தென்ற பன்னுக்கு நடுவே மாட்டுக் கொத்திறைச்சி வில்லை இருக்கும். சோயா சாஸும் மிரின் என்னும் இனிப்பு அரிசி மதுவும் சர்க்கரையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய தெரியாக்கிச் சாறு அதன்மேல் பளபளக்கும். கூடவே மயோனைஸ்; சில வண்டிகளில் நோரி என்னும் கடற்பாசித் தாளின் கீற்றுகளும் உண்டு. வாங்கியவர் நடைபாதையில் நின்றபடியே சில நிமிடங்களில் தின்று முடித்துவிட்டுப் போகிறார். அவருக்கு அந்த உணவிடம் கடன் ஏதும் உண்டா, காசு கொடுத்ததோடு கணக்கு தீர்ந்துவிட்டதா என்பதுதான் இங்கே கேள்வி. கடன் உண்டு, காசு அதைத் தீர்ப்பதில்லை என்பது என் பக்கம். நின்று தின்பதால் அது குறைவதில்லை. சொல்லப்போனால் பர்கர் என்ற வடிவத்தில் அது இன்னும் கூடுகிறது.

இந்தக் கேள்வியை ஜப்பானிய உணவை வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மாட்டிறைச்சி அங்கே எளிதாகத் தட்டுக்கு வந்துவிடவில்லை. கி.பி. 675இல் பேரரசர் தெம்மு, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் சில மாதங்களுக்குத் தடை செய்தார். அதற்குப் பின் பல நூற்றாண்டுகளில் இப்படிப் பல ஆணைகள் வந்தன. மீறியவர்களும் இருந்தார்கள், மருந்து என்று பெயர் சொல்லி உண்டவர்களும் இருந்தார்கள். ஆனாலும் மாட்டை அறுத்துத் தின்பது தகாது என்ற உணர்வு ஊன்றி நின்றது. 1872இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி வெளியானபோது, அதை எதிர்த்த துறவிகள் சிலர் அரண்மனைக்குள் நுழைய முயன்று உயிரையே விட்டார்கள். அதே ஆண்டில் பௌத்தத் துறவிகள் ஊன் உண்ணவும் மணம் செய்யவும் அரசு அனுமதி தந்தது. அங்கிருந்து நூறே ஆண்டில், 1971இல் டோக்கியோவின் கின்ஸாவில் மெக்டொனால்ட்ஸ் கடை திறக்கப்பட்டது. 1973இல் மோஸ் பர்கர் நிறுவனம் தெரியாக்கி பர்கரை விற்கத் தொடங்கியது.

ஆனால் அந்தப் பழைய உணர்வு செத்துவிடவில்லை. ஷிமோதா துறைமுக நகரில் கியோகுசென்ஜி என்றொரு கோயில் இருக்கிறது. 1856இல் வந்த முதல் அமெரிக்கத் தூதர் டவுன்செண்ட் ஹாரிஸ் தங்கியது அங்கேதான். உணவுக்காக மாடு அறுக்கப்பட்டதன் நினைவாக அந்த வளாகத்தில் ஒரு கல் நிற்கிறது. அதை 1931இல் நாட்டியவர்கள் டோக்கியோவின் இறைச்சி வணிகர்கள். விலாங்கு மீனுக்கும் திமிங்கலத்துக்கும்கூட ஜப்பானில் நினைவுக் கற்கள் உண்டு, ஆண்டுதோறும் வழிபாடும் உண்டு. கொன்று பிழைப்பவர்களே கொல்லப்பட்ட உயிருக்குத் தாங்கள் பட்ட கடனை ஊரறிய ஒப்புக்கொள்வது சிறிய காரியமல்ல. அப்படியானால் வாங்கித் தின்பவர் மட்டும் ஒப்புக்கொள்ள எதுவும் இல்லாதவரா?

உண்பவர் செய்ய வேண்டியதற்கு ஜென் மடங்களில் தெளிவான ஒரு முறை உண்டு. சீனத் துறவி தாவ்சுவான் ஏழாம் நூற்றாண்டில் வகுத்த ஐந்து சிந்தனைகளே அந்த முறை. ஜப்பானிய சோதோ ஜென் மரபை நிறுவிய தோகன் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தம் மடத்தின் உணவு விதிகளில் அவற்றைச் சேர்த்தார். இந்த உணவு எங்கிருந்து, எத்தனை பேர் உழைப்பில் வந்தது என்று முதலில் எண்ண வேண்டும். இதைப் பெறும் தகுதி என் நடத்தைக்கு உண்டா என்பது இரண்டாவது. பேராசை முதலிய கேடுகளிலிருந்து மனத்தைக் காப்பதும், உணவை உடல் காக்கும் மருந்தாகக் கொள்வதும், மெய்வழியில் நிற்பதற்காகவே உண்கிறேன் என்று உறுதி கொள்வதும் மற்ற மூன்று. இவற்றில் முதலாவதுதான் அடித்தளம். அதை நேர்மையாகச் செய்தவருக்கு இரண்டாவது கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

முதல் சிந்தனையை அந்தப் பொட்டலத்தின் மேல் வைத்துப் பார்ப்போம். சோயா சாஸ் என்பது சோயா அவரையும் கோதுமையும் உப்புநீரும் கோஜி என்ற பூஞ்சையின் துணையோடு மாதக்கணக்கில் நொதித்து விளைந்த சாறு. நோரி, கடலில் வலை கட்டி வளர்த்து, அறுத்து, தாளாக உலர்த்தப்படுவது. இவை மனதுக்கு இதமான பகுதிகள், நினைப்பதற்கு எளியவை. இறைச்சி வில்லையில்தான் சிந்தனை முட்டி நிற்கிறது. ஒரு முழு மீன் தட்டில் கிடந்தால் அதற்குக் கண் உண்டு, செதில் உண்டு. அது ஓர் உயிர் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொத்திறைச்சியில் அந்த அடையாளம் எதுவும் மிச்சமில்லை. பெரிய ஆலைகளில் பல மாடுகளின் இறைச்சித் துண்டுகளைக் கலந்தே அரைப்பதால், ஒரே வில்லையில் எத்தனை மாடுகளின் சதை இருக்கிறது என்பது விற்பவருக்கும் தெரியாது. குளிர் அறையில் வேகமாக நகரும் வரிசையில் கத்தியோடு நிற்கும் தொழிலாளியின் முகமும் தெரியாது. உயிரின் உருவம் முழுதாக அழிந்து வரும் உணவு இது. கண் உதவாத இடத்தில் நினைவுதான் வேலை செய்ய வேண்டும். பர்கரில் கடன் கூடுகிறது என்று முன்னே சொன்னது இதனால்தான்.

மடத்து ஒழுங்கைத் தெருவோரத்தில் எதிர்பார்ப்பது நியாயமா என்று சிலர் கேட்கலாம். வரிசையாக அமர்ந்து, மௌனமாக, கலம் ஏந்தி உண்ணும் துறவிக்குப் பொருந்துவது, மதிய இடைவேளையில் அவசரமாக வந்து நிற்பவருக்குப் பொருந்தாது என்பார்கள். ஜப்பானின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது. இன்றைய டோக்கியோவான எடோவில் சூஷியும் தெம்புராவும் சோபா நூடுல்ஸும் தெருக்கடைகளில் நின்றபடி உண்ட உணவுகள். நின்று உண்பது அந்த மரபுக்குப் புறம்பானதல்ல. தோகன் தாமே எழுதிவைத்த ஒரு சந்திப்பு இன்னும் நேரான விடை. 1223இல் சீனத் துறைமுகத்தில் அவர் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அசோகர் பெயர் தாங்கிய மலை மடத்தின் சமையல்காரத் துறவி காளான் வாங்க அங்கே வந்தார். அறுபது கடந்தவர். மறுநாள் மடத்துச் சமையலுக்காக அத்தனை தூரம் நடந்து வந்திருந்தார். இந்த வயதில் தியானத்தை விட்டுவிட்டு ஏன் இந்த வேலை என்று இளைஞரான தோகன் கேட்டதற்கு, பயிற்சி என்றால் என்னவென்று உமக்கு இன்னும் தெரியவில்லை என்று அவர் சிரித்தார். தோகன் அதை மறக்கவில்லை. 1237இல் மடத்துச் சமையல்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். கவனத்துக்குத் தனி இடம் வேண்டும் என்ற வாதம் அந்தக் கிழவரின் முன் நிற்காது. முதல் சிந்தனைக்கு ஆகும் நேரம் பொட்டலத்தைப் பிரிக்கும் நேரம்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். செத்த மாட்டுக்கு உன் நன்றியால் என்ன பயன், அது உன் மனத்தை ஆற்றிக்கொள்ளும் சடங்கு மட்டும்தானே என்பது அந்த மறுப்பு. பழைய பௌத்த விதி, தனக்கென்று கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் ஐயுறாமலும் இருந்தால் துறவி அந்த ஊனை ஏற்கலாம் என்றது. வண்டியில் வாங்குபவர் இந்த நிழலில் ஒதுங்கப் பார்க்கலாம், ஆனால் முடியாது. அந்த விதி, போட்டதை வாங்கிக்கொள்ளும் பிச்சைக் கலத்துக்கு ஆனது. காசு கொடுத்து இது வேண்டும் என்று கேட்பவர் அடுத்த மாட்டுக்கும் சேர்த்தே கேட்கிறார். மகாயான பௌத்த நூலான லங்காவதார சூத்திரம் இதனால்தான் உண்பவர் இல்லாவிட்டால் கொல்பவரும் இல்லை என்று வாதிடுகிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரமும் அதே கணக்கைத்தான் வாங்குபவர் பக்கம் நீட்டுகிறது. ஆகவே நன்றி சொல்லிவிட்டதால் கடன் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. கடன் இருப்பதை அறிவதற்கான வழி அது, அவ்வளவுதான். ஆனால் அறியாத கடனை எவரும் குறைக்க முயல்வதில்லை. முதல் சிந்தனையை நாள்தோறும் செய்பவர் ஊனை விட்டுவிடலாம், அல்லது குறைத்துக்கொள்ளலாம். பழையபடி எண்ணாமல் தின்பது மட்டும் அவரால் இயலாது. சடங்கு வெறும் ஆறுதலா என்பதை அதற்குப் பின் வரும் நடத்தைதான் சொல்லும்.

குறைக்க விரும்புபவருக்கு ஜப்பானிய மரபே கைகொடுக்கிறது. டோஃபுவைப் பிசைந்து, கேரட்டும் காளானும் சேர்த்துத் தட்டிப் பொரிக்கும் கன்மொதோகி, கோயில் சைவச் சமையலில் பல காலமாகப் புழங்குவது. தெரியாக்கிச் சாறு அதற்கும் நன்றாகவே ஒட்டும். அடுத்த முறை வண்டியின் சன்னலில் பொட்டலத்தை வாங்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். விடை தொண்டையில் நின்றால், டோஃபு வில்லை இருக்கிறதா என்று அவர்களிடம் கேளுங்கள். நாலு பேர் கேட்டால் வண்டிக்காரர் செய்து வைப்பார்.