ஓட்டுகிறவரின் உறக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடகைக் கார் வசதியுள்ளவர்களின் ஆடம்பரமாக இருந்த காலம் போய்விட்டது. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, பொன்னமராவதி, விராலிமலை ஆகிய ஊர்களுக்கு ரயில் கிடையாது. புதுக்கோட்டையில் நின்று போகும் சென்னை ரயிலைப் பிடிப்பதானாலும் அகாலத்தில் நிலையம்வரை வந்து சேர ஒரு வண்டி வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நள்ளிரவில் திருச்சியில் வந்து இறங்கும் மகனை அழைத்து வரவும், அம்மாவை வேலூருக்கோ ஜிப்மருக்கோ கூட்டிப் போகவும், கோயம்புத்தூர்ச் சம்பந்தி வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பவும், நேர்த்திக்கடனுக்குத் திருச்செந்தூர் போகவும் மஞ்சள் போர்டு வண்டியைத்தான் கூப்பிடுகிறோம். நடக்க முடியாதவர்களையும் கைக்குழந்தைகளையும் வீட்டு வாசலிலேயே ஏற்றிப் போய் வாசலிலேயே இறக்கிவிடும் இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. வண்டி பேசும்போது எதற்கு விலை பேசுகிறோம் என்பதுதான் என் கேள்வி. கிலோமீட்டருக்கு இவ்வளவு, பேட்டா இவ்வளவு, டோல் தனி, மலை ஏறினால் கூடுதல் என்று எல்லாம் பேசி முடித்துவிடுகிறோம். வண்டியை ஓட்டப்போகிறவர் நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார், இந்தப் பயணத்தில் எப்போது, எங்கே தூங்குவார் என்பது மட்டும் பேச்சில் வருவதேயில்லை. அந்தப் பேச்சில் முதலில் வரவேண்டியதே அதுதான் என்று நினைக்கிறேன்.

வழக்கமான ஒரு சென்னைப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். "நைட்டே கிளம்பிட்டா விடியறப்போ போயிடலாம்ல தம்பி?" என்று கேட்கிறோம், தம்பியும் சரி என்கிறார். ஏறக்குறைய 390 கிலோமீட்டர். இரவு பத்து மணிக்குப் புதுக்கோட்டையை விட்டால் பதினொரு மணிக்குத் திருச்சி, அதன்பின் பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், விடியற்காலை ஐந்து மணிவாக்கில் சென்னை. ஓட்டுநர் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து, பகலில் உள்ளூர்ச் சவாரி இரண்டு பார்த்துவிட்டு வந்திருந்தால், திருச்சியைத் தாண்டும்போதே அவர் கண் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் நடத்தி 1997இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத்தக்கது. பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைக்கும் கண்ணுக்கும் உள்ள இணக்கம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருக்கு இருக்கும் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இருபத்துநான்கு மணி நேரமானால் அது 100 மில்லிகிராமுக்குச் சமமாகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். குடித்திருக்கும் ஓட்டுநரின் வண்டியில் எந்தத் தகப்பனும் பிள்ளைகளை ஏற்றமாட்டார். அதே அளவுக்குத் தடுமாறும் நிலையிலுள்ளவரின் வண்டியில், முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரும் உட்பட எல்லோரும் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறோம். உடம்பு தானாகவே தூக்கத்தைக் கேட்கும் நேரம் இரவு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை. அந்த நேரத்தில்தான் அவர் நான்குவழிச் சாலையில், வளைவோ பேச்சுத் துணையோ இல்லாமல், எதிர்வெளிச்சத்தைப் பார்த்தபடி நேராக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

விபத்து நடந்தபின் "டிரைவர் தூங்கிவிட்டார்" என்று செய்தி வருகிறது. தூக்கம் அவர் செய்த குற்றம்போல அது ஒலிக்கிறது. கண் செருகும்போது வண்டியை ஓரங்கட்டும் அதிகாரம் அவரிடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளங்கிக்கொள்ளச் சொந்த வரலாற்றிலேயே ஒரு வழி இருக்கிறது. 1991இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. வயலில் வேலை செய்தவர்களும் கல்குவாரிப் பெண்களும் கிராமச் செவிலியர்களும் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். பேருந்துக்கோ வீட்டு ஆண்களுக்கோ காத்திராமல் தன் நேரத்தைத் தானே ஆளும் சுதந்திரம் என்று அதைப் பலர் எழுதியிருக்கிறார்கள், சரியான பேச்சுதான். அதில் இன்னொன்றும் இருந்தது. சைக்கிள் மிதிப்பவருக்குக் களைப்பு வந்தால் அவரே இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடலாம். களைப்பதும் நிறுத்துவதும் ஒரே ஆள். வாடகைக் காரில் இவை பிரிந்துவிடுகின்றன. களைப்பவர் முன்னால் இருக்கிறார், நிறுத்துவதா வேண்டாமா என்று சொல்பவர் பின்னால் இருக்கிறார். பணம் கொடுப்பவர் முகூர்த்த நேரத்தைச் சொல்லிவிட்டால், "பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்" என்று கேட்க ஓட்டுநருக்கு நா எழுவதில்லை. அடுத்த சவாரி அவருக்கு வருவது நாம் நாலு பேரிடம் சொல்லும் நல்ல வார்த்தையால்தான்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை, நெடுந்தூரத் தடங்களில் அதிகம் போனால் பத்து மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரைமணி ஓய்வு, ஒருநாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே ஒன்பது மணி நேர இடைவெளி என்று வகுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளர்களாவது உள்ள நிறுவனத்தைத்தான் அது கட்டுப்படுத்தியது. அறந்தாங்கியிலோ திருமயத்திலோ கடன் வாங்கி ஒரே ஒரு கார் எடுத்துத் தானே ஓட்டுகிறவர் அதற்குள் வரவேயில்லை. அவரே முதலாளி, அவரே தொழிலாளி. மாதாமாதம் கட்டும் டியூ அவரை விரட்டுகிறது. அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு டெப்போவும் ஓய்வறையும் மாற்று ஆளும் உண்டு. இவருக்குச் சட்டம், சங்கம், மேலாளர் என்று எல்லாமாக இருப்பவர், அந்த ஒரு பயணத்துக்கு, வண்டி எடுத்த நாம்தான். அப்படியானால் கடமையும் நம்மிடம்தான் வந்து சேருகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, ஓட்டுநரே இதை விரும்புகிறார் என்பது. இரவுச் சவாரியை நாம் வேண்டாமென்றால் அவருக்கு வருமானம் போகும், வேறொருவர் அதை எடுத்துக்கொள்வார், அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பார்கள். அவர் சம்மதிப்பது உண்மைதான். ஆனால் அந்தச் சம்மதத்தை நம்பி ஏறுகிறவர்களில் ஏழு வயதுப் பிள்ளையும் இருக்கிறது; எதிரே டிவிஎஸ் ஐம்பதில் பால் கேனோடு வருகிறவரும் இருக்கிறார். அவர்களை யாரும் கேட்கவில்லை. சவாரியையே மறுக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அதே சவாரியைப் பகலில் கொடுக்கலாம். "பழகிருச்சு சார்" என்று ஓட்டுநர்கள் சொல்வது அடுத்த மறுப்பு. பொய் சொல்ல வேண்டும் என்று அவர்கள் அதைச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமோ நான்கு மணி நேரமோ மட்டும் தூங்க விடப்பட்டவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று கேட்டபோதோ, சில நாட்களுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடவில்லை என்றே சொன்னார்கள். பழகிப்போவது கலக்கத்தின் உணர்வு மட்டும். கண்ணும் கையும் பழகுவதில்லை. சாலையோரத் தேநீரும் முகம் கழுவுவதும் கொஞ்ச நேரத்துக்கு உதவும். தூக்கத்தின் இடத்தை அவை நிரப்பா.

செலவு கட்டாது என்பவர்களுடைய கணக்கைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் அது உண்மையான கஷ்டம். வெளியூர்ப் பயணத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் கணக்கு வைப்பது பல டிராவல்ஸ்களில் வழக்கம். சென்னை போய்வர 780 கிலோமீட்டர். அதை ஒன்றரை நாளில் ஓட்டி முடித்தாலும், மூன்று நாளாக நிதானமாகப் போய்வந்தாலும், மூன்று நாள் குறைந்தபட்சம் 750தான் என்பதால் கிலோமீட்டர்க் காசு மாறாது. கூடுவது ஒன்றிரண்டு நாள் பேட்டாவும் ஓட்டுநர் படுக்க ஓர் இடமும். கல்யாணச் செலவில் பூ அலங்காரத்துக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் அது எந்த மூலைக்கு? மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் காசும் கனக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உயிர்போகும் அவசரத்தில் நேரம் பார்க்க முடியாது. அப்போதும் முறைமாற்றி ஓட்ட ஓர் ஆக்டிங் டிரைவரைக் கூட வைத்துக்கொள்ளலாம். முன்சீட்டில் விழித்திருக்கத் தெம்புள்ள ஒருவர் உட்காரலாம். ஆனால் நம் இரவுப் பயணங்களில் பெரும்பாலானவை அவசரத்தால் வந்தவையல்ல. ஒரு பகலை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசையால் வந்தவை. மிச்சமாகும் அந்தப் பகல் இன்னொருவரின் இரவிலிருந்து எடுக்கப்படுகிறது.

ஒருவழிக்கு மட்டும் காசு வாங்கும் டிராப் டாக்ஸி வந்தபின் இது இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. நம்மைத் தாம்பரத்தில் இறக்கிவிட்ட ஓட்டுநர் அடுத்த சவாரிக்காக அப்படியே திரும்பி வருகிறார். நமக்குப் பயணம் முடிந்துவிட்டது. அவருக்குப் பாதிதான் ஆகியிருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று மகிழும்போது அந்தத் திரும்புகாலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இறங்கும்போது "எங்கண்ணே படுப்பீங்க?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. பதில் இல்லையென்றால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு இரண்டு மூன்று மணி நேரம் படுக்க இடம் செய்து தருவது நம்மால் முடியாத காரியமல்ல.

2023இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் ஒதுக்க வேண்டும் என்றது. நல்ல தொடக்கம். கல்யாண மண்டபங்களிலோ இன்னும் வெளியூரிலிருந்து வந்த ஓட்டுநர்கள் சீட்டைச் சாய்த்து, கதவைத் திறந்து போட்டு, வெயிலில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அன்று மாலையே அவர்கள் திரும்ப ஓட்ட வேண்டும். மண்டபம் பேசப் போகும்போது எத்தனை பேர் பந்தியில் உட்காரலாம், ஏசி உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்றெல்லாம் கேட்கிறோம். ஓட்டுநர்கள் படுக்க மின்விசிறியோடு ஓர் அறை உண்டா என்று பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் என்று வருகிற எல்லோரும் கேட்கத் தொடங்கினால், அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் மண்டபக்காரர்கள் அந்த அறைக்குப் பாய் வாங்கிப் போட்டுவிடுவார்கள்.